"மிஸ், பரீட்சைக்கு எதை எழுதுறது?"

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சேவைக்கு வந்து இரண்டு வருடம். கூர்ப்பு (பரிணாமம்) பாடம் தொடங்கிய அன்று, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தி எழுந்து, "மிஸ், எங்கட சபையில இது பொய் எண்டு சொல்லுகினம். நான் பரீட்சைக்கு எதை எழுதுறது?" என்று கேட்டாள். மறுநாள் அவளுடைய தகப்பன் வந்தார். கமம் செய்கிறவர். கடவுள் படைத்தார் என்பதையும் அதே பாடத்தில் சரிசமமாகச் சொல்லிக் கொடுங்கள் என்று பணிவாகவே கேட்டார். "நோட்ஸைக் குடுத்திட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கோ" என்கிறார் கூடப் படிப்பிக்கும் ஒருவர். நான் என்ன செய்ய?

பதில்: அன்புள்ள தங்கச்சி,

அந்தப் பிள்ளைக்குப் புள்ளியைப் பற்றிய பயம் இல்லை. இதை எழுதினால் வீட்டுக்கும் ஆண்டவருக்கும் துரோகம் செய்கிறேனோ என்றுதான் கேட்டிருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: விஞ்ஞானம் எதைக் கண்டறிந்திருக்கிறது என்றுதான் வினாத்தாள் கேட்கிறது. நீ எதை நம்புகிறாய் என்று அதில் ஒரு கேள்வியும் வராது.

வகுப்பில் அவளை யாரும் பகிடி பண்ண விடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் வவுனியாவில் ஒரு பையன் இதே மாதிரிக் கேட்டபோது நானே பகிடியாகப் பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களைக் கோயிலும் தேவாலயமும் சபையும்தான் தாங்கிப் பிடித்தன. அதைத் தட்டிவிட விஞ்ஞான ஆசிரியருக்கு ஓர் உரிமையும் இல்லை.

ஆனால் தகப்பன் கேட்டதைச் செய்ய வேண்டாம். படைப்பு வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க நம் நாட்டில் சமய பாடம் இருக்கிறது. முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை அவரவர் சமயத்தைப் பாடசாலையிலேயே படிக்கிறார்கள். அமெரிக்க அரச பாடசாலைகளில் அப்படியொரு பாடம் இல்லை. அங்கே லூசியானா மாநிலம், கூர்ப்பைப் படிப்பித்தால் படைப்பையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1987இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. விஞ்ஞான பாடத்துக்குள் வரும் எதுவும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இறைவனைச் சோதனைக் குழாய்க்குள் வைப்பது பக்திக்கும் மரியாதை இல்லை.

சைவப் பிள்ளைகள் பக்கமும் ஒன்று வரும். "புல்லாகிப் பூடாய்" என்று மாணிக்கவாசகர் கூர்ப்பை எப்போதோ பாடிவிட்டாரே என்பார்கள். அவர் பாடியது ஓர் உயிர் பிறவி பிறவியாக எடுத்த களைப்பை. கூர்ப்பை விளக்கிய டார்வினுக்குச் சாட்சி சொல்ல அவரை அழைக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. பாடநூலில் 'கொள்கை' என்று வருகிறது. ஊரில் கொள்கை என்றால் கட்சிக் கொள்கை, ஆளுக்கொரு கொள்கை. ஆகவே "அது டார்வினின் கொள்கைதானே, எனக்கு என் கொள்கை" என்று பிள்ளை நினைப்பது இயல்பு. விஞ்ஞானத்தில் அந்தச் சொல், திரும்பத் திரும்பச் சோதித்தும் நின்றுபிடித்த விளக்கத்தைக் குறிக்கும் என்பதற்கு அரைப் பாடவேளை செலவழியுங்கள். 1859இல் டார்வின் புத்தகம் வெளியிட்டபோது மரபணு என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. பிறகு வந்த மரபணுவியல் அவரைக் கவிழ்த்திருக்கலாம். மாறாக, அவர் சொன்னதற்குப் பலம்தான் சேர்த்தது. அந்த மரபணுவியலுக்கு அத்திவாரம் போட்ட மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி நட்டவர். இதை அந்தப் பிள்ளை கேட்கும்படி சொல்லுங்கள்.

அப்புறம் வயலுக்கு வாருங்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்திப் பூச்சி உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததா? முதலில் கேட்ட மருந்து சில போகத்துக்குப் பிறகு கேட்காமல் போகும். "பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சு" என்பார்கள் கமக்காரர். அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, இதில் என்ன பிழை என்று கேளுங்கள். எந்தத் தத்தியும் பழகவில்லை. மருந்தடிக்கும் முன்பே ஆயிரத்தில் ஏதோ ஒன்றிரண்டு அதைத் தாங்கும் உடம்போடு இருந்தன. மற்றவை செத்தன, இவை பெருகின. குட்டிகளும் அப்படியே தாங்கின. இயற்கைத் தேர்வு இதுதான். பழகிப்போச்சு என்பது, ஓர் உயிர் வாழ்நாளில் பெற்ற மாற்றம் குட்டிகளுக்கும் போகும் என்று டார்வினுக்கு முன் சொன்ன லாமார்க்கின் விளக்கத்துக்கு நெருக்கமானது. இரண்டு பாடமும் ஒரு வரப்பிலேயே முடிந்துவிடும்.

நீண்ட காலத்துக் கூர்ப்புக்கு மன்னார்க் கடலின் கடற்பசுவைக் காட்டுங்கள். பெயரில்தான் பசு. அதற்கு நெருங்கிய சொந்தம் நம் காட்டு யானை. இரண்டுக்கும் முலை முன்னங்கால்களுக்கு இடையில், நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளைகள். மனிதனும் குரங்கும் அப்படித்தான்: மரத்தில் இருக்கிற மந்தி நம் பாட்டி இல்லை, தூரத்துச் சொந்தம். பாதிச் சண்டை இந்த இடத்திலேயே தணியும்.

நோட்ஸ் கொடுத்துத் தப்புகிற யோசனையை விடுங்கள். நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியரும் "இதை நீங்களே வாசியுங்கோ" என்று தாண்டிப் போனார். உயிரியல் எனக்குப் பல வருடம் வெறும் பெயர்ப் பட்டியலாகவே இருந்தது.

தகப்பனை அலுவலக அறைக்கு அழைத்துப் பதில் சொல்லாதீர்கள். அதிபரிடம் சொல்லிவிட்டு, ஒரு பின்னேரம் அவருடைய வயலுக்குப் போங்கள். உங்கள் மகளின் நம்பிக்கையில் கை வைக்க மாட்டேன், பாடத்தையும் குறைக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு, போன காலபோகத்தில் எந்த மருந்து கேட்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள். உங்களைவிட அவருக்கு அது வடிவாகத் தெரியும்.