பும்புவாங் துவாங்சான்: லூக் துங் ராணியைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாய்லாந்தின் லூக் துங் எப்படிப்பட்ட இசை?

பதில்: நாட்டுப்புறத்து மக்களின் பாட்டு. வயல் வேலை, கடன், பாங்காக்குக்குப் பிழைக்கப் போனவரின் ஏக்கம், இவைதான் பாடுபொருள். இழைத்து இழைத்துப் பாடும் குரலுக்குப் பின்னால் மேற்கத்தியக் கருவிகள் முழங்கும். மேடையில் நடனக் குழு ஆடும். 1968இல் சுட்டுக் கொல்லப்பட்ட சுரபோன் சொம்பட்சரோன்தான் இதன் மன்னர் என்று போற்றப்படுகிறார்.

கேள்வி: பும்புவாங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: சரளமாகப் படிக்க வராது என்பது உண்மை. 1961இல் பிறந்தவர், இயற்பெயர் ரம்புவெங். சுபான்புரி மாகாணத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்த ஏழைக் குடும்பம். பிள்ளைகளும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளிலேயே நின்றுவிட்டது. ஒருவர் பாடல் வரிகளை உரக்கப் படிப்பார், இவர் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். இப்படியே நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தார். அவருடைய பதிவுகளைக் கவனமாகக் கேளுங்கள்: எந்தச் சொல்லும் அரைகுறையாக விழாது. தாளைப் பார்த்துப் பாடுபவருக்கு வாய்க்காத ஒரு நெருக்கம் அந்த உச்சரிப்பில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அவரைக் கண்டெடுத்தது யார்?

பதில்: பாடகர் வைபோட் பெட்சுபான். பதின்ம வயதிலேயே தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: என் மாமியார் பழைய லூக் துங் பாடல்களை விரும்பிக் கேட்பவர். பும்புவாங் அதைக் கெடுத்துவிட்டார் என்பது அவர் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மாமியாரின் வருத்தம் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1980களில் துள்ளலான நடனத் தாளமும் மின்னிசைக் கருவிகளும் மினுமினுக்கும் உடையும் வந்தது உண்மை. ஆனால் பாடலாசிரியர் லோப் புரிராட் அவருக்கு எழுதித் தந்த பாடல்களில் பேசுவது அதே வயல்காட்டுப் பெண்தான். இந்த முறை அழுதுகொண்டே நிற்காமல் சீண்டுகிறாள், கேட்கிறாள், கண்டிப்பாகப் பேசுகிறாள். கிராமத்திலிருந்து நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போன பெண்கள் அவரைத் தங்களில் ஒருத்தியாகப் பார்த்ததில் வியப்பில்லை. கேசட் காலம் அந்தக் குரலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

கேள்வி: எப்படி இறந்தார்?

பதில்: லூபஸ் நோயால், 1992 ஜூன் 13 அன்று. வயது 30தான். சுபான்புரியின் வாட் தாப் கிரதான் கோயிலில் நடந்த தகனத்துக்கு இளவரசி சிரிந்தோர்ன் வந்திருந்தார்.

கேள்வி: அந்தக் கோயிலில் லாட்டரி எண் கேட்டு வேண்டுகிறார்களாமே?

பதில்: ஆம். அவருடைய உருவச் சிலைகளுக்கு உடைகளும் ஒப்பனைப் பொருள்களும் படைத்துவிட்டு வேண்டிக்கொள்கிறார்கள். இதைப் பலர் கேலி செய்கிறார்கள், என்னால் முடியாது. கரும்புக் காட்டிலிருந்து வந்து வென்றவள் தங்கள் குறையைக் கேட்பாள் என்று ஏழைகள் நம்புகிறார்கள்.

கேள்வி: முதலில் எந்தப் பாட்டைக் கேட்கலாம்?

பதில்: 'சாவ் நா சாங் ஃபேன்'. வயல்காட்டுப் பெண் தன் காதலனுக்குச் சொல்லும் பாட்டு. பிறகு வேகமான நடனப் பாடல்களுக்குப் போங்கள்.