அமெரிக்காவில் காப்பீடு விற்பதற்கான பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டி லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். கோஇன்சூரன்ஸ் கணக்கு மட்டும் தப்பாகவே வருகிறது, ஏன்?

சொத்து மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்துக்காவது காப்பீடு எடுத்திருக்க வேண்டும், குறைந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்பதுதான் கோஇன்சூரன்ஸ். பெருக்கல் வகுத்தலில் பிசகு இருக்காது. எந்த மதிப்பை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பாலிசி எடுத்த நாளின் மதிப்பு அல்ல, சேதம் நடந்த நேரத்து மதிப்புதான் கணக்கு. கட்டடம் 5,00,000 டாலர், கோஇன்சூரன்ஸ் 80% என்றால் 4,00,000-க்கு காப்பீடு இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 3,00,000, வேண்டியதில் முக்கால். தீயில் 1,00,000 போனால் கிடைப்பதும் முக்கால் பங்கு, 75,000. டிடக்டிபிள் (பாலிசிதாரர் தானே ஏற்கும் தொகை) 1,000-ஐ அதற்குப் பிறகே கழியுங்கள்: 74,000. முதலிலேயே கழித்தால் 74,250 வரும். அந்தத் தப்பான எண்ணும் நாலு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்!

கட்டடம் முழுக்க எரிந்தால் சூத்திரம் 3,75,000 காட்டும். பாலிசி வரம்பு 3,00,000. அதற்கு மேல் ஒரு சென்ட்கூட வராது.

மாநிலச் சட்டப் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பாலிசி ரத்து நோட்டீஸுக்கான நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மனப்பாடம்தான் வழி.