பதில்: வெளிநாட்டுத் தொழிலாளர் போனால் உள்ளூர்க் கூலி ஏறுமா?

வணக்கம். பட்டிமன்றத்தில் 'ஏறும்' என்று பேசப் போகிறீர்கள், எதிரணி எதை வைத்து மடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கலிபோர்னியா தக்காளியை வைத்துத்தான்.

மெக்சிகோ ஆட்களைப் பண்ணை வேலைக்குக் கொண்டுவந்த பிரசேரோ திட்டத்தை அமெரிக்கா 1964 இறுதியில் நிறுத்தியது. அவர்களைப் பெரிதும் நம்பியிருந்த மாநிலங்களில் கூலி தனியாக எகிறவில்லை. மற்ற மாநிலங்களைப் போலவேதான் நகர்ந்தது. பண்ணைக்காரர்களுக்கு வேறு வழி இருந்ததே காரணம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தக்காளி அறுவடை இயந்திரம் செடியை அடியோடு வெட்டி உலுக்கிப் பழத்தை உதிர்க்கும். அதற்குப் பழமெல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கவும், அடிபட்டால் நசுங்காமலும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ரகத்தையும் அங்கேயே உருவாக்கினார்கள். சாஸ் ஆலைக்குப் போகும் தக்காளியில் சில வருடங்களிலேயே கைப்பறிப்பு ஒழிந்தது. இயந்திரம் ஒத்துவராத அஸ்பாரகஸ் போன்ற பயிர்களில் பரப்பைக் குறைத்தார்கள்.

உங்கள் பக்கத்துக்கு 2021 பிரிட்டன் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் அங்கே வெளிநாட்டு லாரி ஓட்டுநர்கள் குறைந்துபோனார்கள். லாரி ஓட்டுநருக்கு மாற்று இயந்திரம் இல்லை, புதியவர் உரிமம் எடுக்க மாதங்கள் ஆகும். அதனால் சம்பளம் நிஜமாகவே ஏறியது. ஆனால் செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, பல ஊர்களில் குப்பை எடுப்பது தாமதமானது, அரசே 5,000 ஓட்டுநர்களுக்குத் தற்காலிக விசா அறிவித்தது. ஓட்டுநர் தட்டுப்பாட்டுக்குக் கொரோனாவால் ஓட்டுநர் தேர்வுகள் நின்றதும் ஒரு காரணம். அதை மறைக்காதீர்கள், எதிரணி அங்கேதான் பிடிக்கும்.

'எல்லா வேலையிலும் ஏறும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'இயந்திரமோ இறக்குமதியோ ஈடுகட்ட முடியாத வேலையில் ஏறும்' என்று சுருக்கிக்கொண்டால் தக்காளியை வைத்து உங்களை அசைக்க முடியாது.