ஒரே டிஷ், இரண்டு பாக்ஸ்: ஸ்பிளிட்டர் போதாது

கூடத்து டிவியில் சேனல் மாற்றினால் மாடி டிவியில் பாதிச் சேனல்கள் காணாமல் போகின்றன, கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரை மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். கோளாறு ஸ்பிளிட்டரில் இல்லை. பாக்ஸ் கேபிள் வழியாகவே எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் இருந்து அலையை வாங்கும் கருவிக்கு, ஆணையிடுகிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் என்றால் கிடை அலை. மேல் அலைவரிசை வேண்டுமானால் கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் டோன். உங்களுடையது ஒற்றை வாய் எல்என்பி. ஒரு நேரத்தில் ஒரு ஆணையைத்தான் கேட்கும். இரண்டு பாக்ஸும் ஆணையிட்டால் 18 வோல்ட் அனுப்பியது ஜெயிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வாய் உள்ள ட்வின் எல்என்பி வாங்குங்கள். பின்னால் மூன்றாவது டிவி வரும் என்றால் இப்போதே நான்கு வாய் உள்ள குவாட். கடையில் குவாட்ரோ என்று ஒன்றை நீட்டுவார்கள், வாங்கிவிடாதீர்கள். அது, பல பாக்ஸ்களுக்குப் பிரித்துத் தரும் மல்டிசுவிட்சோடு மட்டுமே வேலை செய்யும். டைசெக் சுவிட்சும் உதவாது. அது பல எல்என்பிகளை ஒரு பாக்ஸுக்குக் கொண்டுவருவது.

டிஷ் பழையதே போதும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஆர்ஜி6 கேபிள், நடுவில் ஒட்டு இல்லாமல். வெளியே உள்ள கனெக்டரில் மழைநீர் இறங்காதபடி டேப் சுற்றுங்கள். எல்என்பியைக் கழற்றும்முன் அதன் சாய்வை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், பாக்ஸ்களின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.