மிதக்கும் கிண்ணம் – கடிதம்

வணக்கம் சார்,

வரும் ஜூனில் தான்சானியாவில், டொடோமா பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று மாதம் தன்னார்வ ஆசிரியராகப் போகிறேன். நீங்கள் அங்கே இரண்டு வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? மலேரியாவுக்கு என்ன மாத்திரை? தனியாக ஒரு பெண் இருக்கலாமா? பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானாம், அதனால் மொழிப் பிரச்சினை இருக்காது. ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் ஏதாவது கொடுக்க முடிந்தால் போதும்.

ர.

அன்புள்ள ர.,

மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். கொசுவலை கட்டாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். பாதுகாப்புக்கு, போன முதல் நாளே பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்து 'ஷிகமூ' சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் சொல்லும் வணக்கம் அது. 'மரஹபா' என்று பதில் சொல்வார். அதன்பின் நீங்கள் எங்கே போனீர்கள், ஏன் இன்னும் திரும்பவில்லை என்று விசாரிக்க அந்த ஊரில் ஆள் இருக்கும்.

ஆனால் ஜூனில் அங்கே விடுமுறை. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி, நடுவில் ஜூன் மாதம் மூடிவிடுவார்கள். இதைக்கூட விசாரிக்காமலா பயணத்தை முடிவு செய்வது? ஜூலைக்கு மாற்றுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான். போன வாரம் முழுக்க அந்தக் காலத்து நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'மொழிப் பிரச்சினை இருக்காது', 'ஒன்றும் தெரியாத பிள்ளைகள்.' இரண்டும் தப்பு. முதல் தப்புதான் இரண்டாவதைப் பெற்றுப் போடுகிறது.

அங்கே அரசு ஆரம்பப் பள்ளியில் ஏழு வருடமும் நாட்டின் பொது மொழியான ஸ்வாஹிலியில் படிக்கிறார்கள். ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். எட்டாவது வருடம், முதல் படிவத்தில் கால் வைத்ததும் இயற்பியல், வரலாறு எல்லாம் ஆங்கிலம். டொடோமா கிராமங்களில் வீட்டில் பேசுவதோ கோகோ மொழி. ஆக, ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது. நாடே 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்று அழைத்த முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை ஸ்வாஹிலியில் பெயர்த்தவர். சீசரின் சாவைச் சொல்ல முடிந்த மொழிக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவம் வராதா? 2015-ல் வெளியான கல்விக் கொள்கை எல்லா நிலைகளிலும் ஸ்வாஹிலி என்றது. உயர்நிலைப் பள்ளிகளில் அது நடக்கவில்லை.

இது எனக்கு வலிப்பதற்குக் காரணம் உண்டு. நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவன். கல்லூரி முதல் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை. அடர்த்தி தெரியும், விசை தெரியும், பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்பதுதான் புரியாது. 'இதுகளுக்கு என்ன சொன்னாலும் ஏறாது' என்று ஒரு பேராசிரியர் எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். டொடோமாவில் முதல் மாதம் நானும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'புரிந்ததா?' என்று கேட்பேன். அறுபது குரலும் சேர்ந்து 'யெஸ், டீச்சர்' என்னும். பிறகு ஒரு சத்தம் இருக்காது.

நான்காம் மாதம் மிதத்தல் விதி எடுத்தேன். ஸ்வாஹிலியில் 'எலேயா' என்றால் மிதப்பது, 'எலேவா' என்றால் புரிந்துகொள்வது. முந்தைய இரவு இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் ஆணியைப் போட்டேன், முழுகியது. அதைவிடக் கனமான தகரக் கிண்ணத்தை வைத்தேன், மிதந்தது. 'க்வா நினி?' ஏன்?

கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை பேசியே இராத ஒரு பெண் எழுந்தாள். தலையில் வாளி சுமந்து வரும்போது தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே ஒரு கிண்ணத்தை மிதக்க விடுவார்களாம். கிண்ணம் தான் உட்காரும் இடத்துத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது, அந்தத் தண்ணீர்தான் அதைத் தாங்குகிறது என்றாள். உள்ளே தண்ணீர் ஏறினால் பாரம் கூடும், ஆனால் கிண்ணம் பெரிதாவதில்லை, அதனால் முழுகிவிடும். ஆணிக்கு ஒதுக்கித் தள்ள இடமே இல்லை. எல்லாவற்றையும் ஸ்வாஹிலியில், மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். நான் படித்த புத்தகம் எதிலும் அந்த விதி இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஆண்டு இறுதித் தேர்வில் அதே கேள்வி வந்தது, ஆங்கிலத்தில். அவள் விடைத்தாளில் பதில் எழுதும் இடத்தில், அழகான கையெழுத்தில், கேள்வியை அப்படியே திருப்பி எழுதியிருந்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் பூஜ்யம் போட்டேன். வேறு எதுவும் போட விதி இடம் தரவில்லை.

அவளையா 'ஒன்றும் தெரியாத' என்கிறீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். போக வேண்டும் என்று தோன்றிய உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன். ஜூலைக்குள் தினமும் ஒரு மணி நேரம் ஸ்வாஹிலி படியுங்கள். பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும், தேர்வு அதில்தானே. ஆனால் 'க்வா நினி' என்று நீங்கள் கேட்டால் வரும் பதில் உங்களுக்குப் புரிய வேண்டும்.

அப்புறம், சாப்பாடு. உகாலி என்று சோளமாவுக் களியும் பீன்ஸும் தாராளமாகக் கிடைக்கும். ம்லெண்டா என்று ஒரு கீரைக் குழம்பு வைப்பார்கள், வெண்டைக்காய் போல வழவழவென்று களியோடு இறங்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் எப்படி வைப்பது என்று கேளுங்கள். அவர் மொழியில் கேளுங்கள்.