வாய் இல்லாமல் தன்னை வரைந்த மகன்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. காசிமேட்டில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். சில மாதங்களாகவே பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பையன் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். வகுப்பில் தன்னைத்தானே வரையச் சொன்னபோது, கறுப்பு கிரேயானில் வாயே இல்லாமல் வரைந்திருக்கிறான். ‘இது நல்லதுக்கில்லை’ என்கிறார் நாத்தனார். டீச்சரோ, படம் வரைய வைத்தால் மனசில் இருப்பதைச் சொல்லப் பழகுவான் என்கிறார். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: முதலில் வயிற்றைப் பார்த்துவிடுவோம். தொப்புளைச் சுற்றி வலி, காலையில் மட்டும் வருகிறது, லீவு நாளில் இல்லை என்றால் பெரும்பாலும் பதற்றம்தான் காரணம். அதற்காக அவன் நடிக்கிறான் என்று அர்த்தமில்லை. குடலும் மூளையும் நரம்புகளால் இணைந்தவை, வலி நிஜமாகவே வலிக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி படம். மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் பெரிய தலை போட்டு, அதிலிருந்தே காலை இழுத்துவிடுவார்கள். உடம்பு, கை, விரல் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும். ஏழு வயதிலும் ஒரு நாள் காதை விடுவார்கள், ஒரு நாள் வாயை விடுவார்கள். கறுப்பு கிரேயான் கைக்கு முதலில் வந்திருக்கலாம், பக்கத்துப் பையன் மற்ற கலரை எல்லாம் எடுத்து வைத்திருக்கலாம்.

ஆள் படத்தை வைத்துக் குழந்தையை எடைபோடும் பழக்கம் பழையது. அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் 1926-இல் அறிவு வளர்ச்சியை அளக்க அப்படி ஒரு சோதனை கொண்டுவந்தார். 1949-இல் கேரன் மாக்கோவர், படத்தில் ஆளுமையையும் உள்மனச் சிக்கலையும் படிக்கலாம் என்றார். கை இல்லை என்றால் இது, வாய் இல்லை என்றால் அது என்று அர்த்தம் சொல்லும் வழக்கம் அப்புறம் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த ஒற்றை அடையாளங்கள் நம்பும்படி நிற்கவில்லை. ஆகவே கிளி ஜோசியச் சீட்டைப் பிரிப்பது போல அந்தப் படத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம்.

டீச்சர் சொன்னது சரிதான். ஆனால் பலன் படத்தைவிட, அதை வைத்துக்கொண்டு அவன் பேசுவதில்தான் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்த ஒரு நிதானமான நேரத்தில் கண்ணாடி முன்னால் உட்காருங்கள். கோபமாக, பயமாக, வெட்கமாக முகத்தை வைத்துப் பாருங்கள், இரண்டு பேரும். புருவம் எங்கே போகிறது, உதடு என்ன செய்கிறது என்று அவனே கவனிக்கட்டும். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ‘அப்பா போட்டுக்குக் கிளம்புற அன்னிக்கு நீ எப்படி இருப்ப, வரையேன்’ என்று கேளுங்கள். இன்னொரு நாள், ‘அப்பா திரும்பி வந்த அன்னிக்கு’. இன்னொரு நாள், ‘கிளாஸ் வாசல்ல நிக்கும்போது’. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்களை வரையுங்கள். அப்பா கடலில் இருக்கும்போது அம்மாவுக்கும் பயம் வரும் என்பது அவனுக்குத் தெரிவதில் தப்பில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அது ஏற்கெனவே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வரைந்து முடித்ததும் ‘ஏன்டா வாய் போடல?’ என்று கேட்காதீர்கள். அது தப்பைத் தேடும் கேள்வி. ‘இந்தப் பையனைப் பத்திச் சொல்லேன்’, ‘இவனுக்கு உடம்புல எங்க வலிக்குது?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ‘கோபமா இருக்கேன்’ என்று அவன் சொன்னால், ‘அப்பா மேல கோபப்படலாமா?’ என்று உடனே அடக்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பேசாமல் கிறுக்கிவிட்டு ஓடினாலும் சரி, விடுங்கள். அழுது அடம்பிடிக்கும் நேரத்தில் மட்டும் கிரேயானை நீட்டாதீர்கள். அப்போது தேவை மடி.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே போய்விடும். ஜூனில் பள்ளி திறந்தும் படகுகள் இன்னும் கிளம்பாத அந்தச் சில நாட்களில் வயிற்றுவலி இருந்ததா? அப்பா வீட்டில் இருந்தும் வலித்தது என்றால், வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான், இடைவேளையில் என்ன நடக்கிறது, கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறானா என்று டீச்சரிடம் விசாரியுங்கள்.

வலி இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளியை நிறுத்தினாலோ, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பினாலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். ‘செத்துப் போகணும்’ என்ற பேச்சு வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே போங்கள். வீட்டிலிருந்தே பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்த நேரமும், இலவசம். யாரோ அடித்தார்கள், தொட்டார்கள் என்று அவன் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுதாகக் கேட்டுக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

ஓவிய வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே மூக்கை எப்படிப் போடுவது, நிழலை எப்படித் தீட்டுவது என்று திருத்துவார்கள். அவனுக்கு ஆசை இருந்தால் அதற்காகச் சேருங்கள். இந்தக் காலண்டர் தாள்களை மட்டும் வீட்டிலேயே, யாரும் திருத்தாத இடத்தில் வைத்திருங்கள்.