ஐயா காலத்து ஜீப்பை ரிஸ்டோர் செய்ய பாடியைச் சேஸிலிருந்து கழற்ற வேண்டுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் ஐயா ஓட்டிய 1960-களின் மகிந்திரா ஜீப் பல வருஷமாக நிற்கிறது. ரிஸ்டோர் செய்ய ஆசை. பாடியைத் தூக்கிச் சேஸை (அடிச்சட்டத்தை) தனியாக எடுப்பதுதான் முதல் வேலை என்கிறார்கள். சரியா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: வீட்டிலேயே செய்யலாம். ஆனால் முதல் வேலை அதுவல்ல. பாடியைத் தூக்குவது இந்த வேலையில் சுலபமான பகுதி, பார்க்கவும் பெருசாகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள். பிறகு சேஸ் கொட்டகையிலும் பாடி வேப்பமரத்தடியிலுமாகக் கிடக்கும். நடுவில் இரண்டு ஐப்பசி மழை போனால் பழைய இரும்புக்காரருக்குத்தான் லாபம்.

உங்கள் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கிறது, ஃப்ளோர் தகடு அரித்திருக்கிறது, சேஸ் ஓரளவு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பானட் உயரமாக, பெட்டி மாதிரி இருந்தால் அது சி.ஜே.3பி. 134 கன அங்குல ஹரிகேன் இன்ஜினின் உயரத்துக்காகவே பானட்டை உயர்த்திய மாடல். வில்லிஸ் 1953-இல் கொண்டுவந்து 1968-இல் நிறுத்தியது. மகிந்திரா அதற்குப் பிறகும் இங்கே செய்துகொண்டிருந்தது. கீழே உள்ள விவரங்கள் இந்த வண்டிக்கு. மகிந்திராவின் பிந்தைய ஜீப்பான எம்.எம்.540-க்கு அப்படியே பொருந்தாது என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், பொருந்தாது.

அரித்த பாடியைத் தூக்கவே கூடாது. இந்தப் பாடிக்குக் கதவும் கூரையும் கிடையாது, மேலே திறந்த தொட்டி. கால் வைத்து ஏறும் இடத்தில் பக்கத் தகடு தாழ்ந்து போவதால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் ஃப்ளோர்தான். அது அரித்திருக்கும்போது போல்ட்டைக் கழற்றித் தூக்கினால் நடுவில் மடங்கும். மடங்கிய பாடிக்கு அப்படியே புதுத் தகடு வெல்டு செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். சேஸ் நேராக இருந்தால் அதைவிட நல்ல அச்சு உங்களுக்கு எங்கும் கிடைக்காது. ஆகவே பாடி சேஸில் போல்ட்டோடு இருக்கும்போதே மவுண்ட் (பாடியைச் சேஸோடு போல்ட் பிடிக்கும் இடம்) வரும் இடங்களையும் அடிச் சேனல்களையும் கட்டி முடியுங்கள், பிறகு தூக்குங்கள். 'பாடியைக் கழற்றாமல் செய்வதெல்லாம் ரிஸ்டோரேஷனே இல்லை' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கழற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசையைத்தான் சொல்கிறேன்.

சேனல் என்றது, ஃப்ளோர் தகட்டுக்கு அடியில் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி ஓடும் சட்டங்களை. பழைய ஜீப்புகளில் சிலவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். நம் ஊர்ச் செம்மண் அதற்குள் புகுந்து, கட்டை ஈரத்தைக் குடித்து, தகடு உள்ளிருந்தே போகும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். பழைய ஸ்க்ரூடிரைவரால் ஓரடிக்கு ஓரிடம் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கி, செம்மண்ணும் மரத்தூளும் குழைந்த ஈரப் பொடி ஸ்க்ரூடிரைவர் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சேனல் முழுவதுமே போச்சு. ஒட்டுப் போட்டுப் பயனில்லை. புதுத் தகடு சேனலுக்கும் ஃப்ளோருக்கும் 16 கேஜ், பக்கத்துக்கு 18 கேஜ் (கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு). ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசியது, வேண்டாம். வெல்டு செய்யும்போது அதன் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

சேஸைச் சோதிக்க ஒரு பால்பீன் சுத்தி (ஒரு பக்கம் உருண்டைத் தலை உள்ளது) போதும். ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். 'ணங்' என்றால் சரி, 'தொப்' என்றால் அந்த இடம் உள்ளே அரித்திருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தின் முன்னும் பின்னும், முன்பக்க ஸ்பிரிங் பட்டை ஹேங்கர்கள், கடைசிக் குறுக்குச் சட்டம் மூன்றையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரிசலின் முனையில் 3 எம்.எம். துளை போட்டு நிறுத்தி, 'வி' வடிவில் அரைத்து வெல்டு செய்து, மேலே வைர வடிவப் பட்டை வைக்க வேண்டும். சதுரப் பட்டை வைத்து நெட்டாக வெல்டு இழுத்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விரியும்.

கோணல் பார்க்கத் தூக்குக்குண்டு. நாலு ஸ்பிரிங் ஹேங்கர் போல்ட்டிலிருந்தும் தரைக்கு இறக்கிச் சாக்பீஸ் புள்ளி வைத்து, குறுக்கும் மறுகுறுக்குமாக அளங்கள். இரண்டு குறுக்களவுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸை நிமிர்த்தாமல் பாடி வேலையைத் தொடாதீர்கள். வளைந்த அச்சில் வார்த்த பாடி வளைந்துதான் வரும்.

பிரேசிங், அதாவது தூக்கும்போது பாடி மடங்காமல் இருக்கத் தற்காலிகமாக வெல்டு செய்யும் முட்டுகள்: ஒரு அங்குலச் சதுரக் குழாயால் இரண்டு ஏறும் வழியிலும் டேஷ்போர்டு பக்கத்திலிருந்து பின் சக்கர மேட்டுக்கு ஒன்று, இடது வலது பக்கங்களைச் சேர்த்துக் குறுக்கே இரண்டு, நடுவில் பெருக்கல் குறி போல ஒன்று. பின்னால் வெட்டியெடுக்கப் போகிற தகட்டில் பிரேஸைப் பிடிக்காதீர்கள். வெல்டுக்கு முன் ஏறும் வழியின் மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் எழுதிவையுங்கள், பாடியை இறக்கிய பிறகு அதே இரண்டு எண் வர வேண்டும்.

ஸ்பேனர் விஷயத்தில்தான் பாதிப் பேர் போல்ட்டைக் கெடுக்கிறார்கள். இது அங்குல வண்டி. 9/16 நட்டில் 14 எம்.எம். நுழையாது, 15 எம்.எம். வழுக்கும். 1/2-க்கு 13 போட்டால் ஆடும், துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கிவிடும். 5/8-க்கு 16, 3/4-க்கு 19 எம்.எம். சமாளிக்கும். அங்குல அளவில் ரிங் செட் ஒன்றும் சாக்கெட் செட் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் எல்லா மவுண்ட் போல்ட்டிலும் அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்) ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிரைண்டரால் தலையை வெட்டுங்கள். போல்ட் மலிவு, அதைக் காப்பாற்றப்போய்ச் சேனலைக் கிழிப்பதுதான் நஷ்டம்.

கழற்றும் வரிசை: முதலில் பேட்டரி. அடுத்து பெட்ரோல் டேங்க், அது சீட்டுக்கு அடியில் பாடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வடித்துவிட்டோம் என்று தைரியமாக அதன் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. வெளியே எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர் ரொப்பிவையுங்கள். பிறகு பானட், கண்ணாடிச் சட்டம், மட்கார்டு, முன்கிரில், சீட். ரேடியேட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) நடுவில் போகும் கம்பியை மறக்காதீர்கள்.

பிரேக், கிளட்ச் பெடல்கள் சேஸைச் சேர்ந்தவை, ஃப்ளோரைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். கால் வைக்கும் தட்டைக் கழற்றினால் போதும். மாஸ்டர் சிலிண்டரும் கீழே சேஸில்தான், ஆகவே இதற்காகப் பிரேக் லைனைத் திறக்கத் தேவையில்லை. கியர் லீவர்களுக்கு, கியர் பாக்ஸ் மேலே உள்ள டன்னல் மூடியை எடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடோ கேபிள் இரண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பக்கத்தில் கழற வேண்டும்.

அதிகம் படுத்துவது ஸ்டீயரிங். வீலையும் தண்டையும் சேர்த்து ஒரு சென்டர் பஞ்ச் குறி வைத்துவிட்டு, புல்லர் போட்டு இழுங்கள். தண்டின் தலையில் சுத்தியால் அடித்தால் வீல் வருகிறதோ இல்லையோ, கீழே பாக்ஸின் பேரிங் போய்விடும். டேஷ்போர்டு கிளாம்பையும் ஃப்ளோர் மூடியையும் எடுத்த பிறகு வழி போதவில்லை என்றால் பாக்ஸையே சேஸிலிருந்து அவிழ்த்துவிடுவது நல்லது. பாடியைச் சாய்த்துச் சாய்த்து உருவப் பார்க்காதீர்கள்.

மவுண்ட் போல்ட்டை அவிழ்க்கும்போது ஒவ்வொரு இடத்திலும் எத்தனை வாஷர், எத்தனை தகட்டுத் துண்டு இருந்தது என்று எண்ணி, எண் போட்ட பையில் தனித்தனியாகப் போடுங்கள். அந்தத் துண்டுகள் குப்பையல்ல, பாடியைச் சமமட்டத்துக்குக் கொண்டுவரக் கம்பெனியோ பழைய மெக்கானிக்கோ வைத்தவை. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் கடைசியில் கிரில்லும் மட்கார்டும் ஒன்றோடொன்று சேராது.

தூக்க, சாமான் எல்லாம் எடுத்த பாடிக்கு ஆறு பேர் தாராளம். ஆள் இல்லையென்றால் போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் மூன்று கால் பைப் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கேளுங்கள். வீட்டுத் தேக்கு உத்தரத்தில் மட்டும் மாட்டாதீர்கள். அது ஓட்டின் பாரத்துக்கு வைத்தது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல. சுவருக்குள் போயிருக்கும் முனையில் கரையான் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஓரடி தூக்கியதும் நிறுத்தி ஒருவர் படுத்துப் பார்க்கட்டும்: எர்த் வயர், ஸ்பீடோ கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள். ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு பாடியை நகர்த்தாமல் சேஸை அடியிலிருந்து உருட்டி வெளியே எடுங்கள்.

இதையெல்லாம் கொல்லைப்பக்கச் சிமென்ட் தரையில் செய்யுங்கள். முகப்பில் ஆத்தங்குடிக் கல் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அது சுட்ட ஓடு இல்லை, கண்ணாடி மேல் வர்ணச் சிமென்டு வார்த்த கல். ஆயிலைக் குடித்தால் கறை போகாது, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலம் பட்டால் பூவே அரித்துப் போகும். செட்டிநாட்டு வீடுகளின் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்து விற்றது போதாதென்று, இப்போது ஜீப் மீட்டரையும் ஹெட்லைட் வளையத்தையும் வரவேற்பறை விளக்காக்கி மாட்டுகிறார்கள். வண்டி ஓட்ட அதே சாமானைத் தேடுகிறவனுக்கு விலை மூன்று மடங்காகிறது. கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

சேஸ் நம்பரை முதலில் சுத்தம் செய்து பென்சில் பிரிண்ட் எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் பிளாஸ்டிங்காரரும் கிரைண்டர்காரரும் அந்த இடத்துக்குப் போகவே கூடாது. நம்பர் மழுங்கினால் ஆர்.சி. புதுப்பிக்க அலைய வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. யாராவது டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால் இந்த வழி அடைபடும். ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து புதுப் பாடியே வரவழைக்கலாம் என்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

சேஸை மணல் பிளாஸ்டிங் செய்யலாம். பானட் போன்ற தட்டைத் தகட்டில் அதே அழுத்தத்தைக் காட்டினால் அப்பளம் மாதிரி நெளியும், அதற்குப் பெயிண்ட் ரிமூவரும் கைவேலையும்தான். சுத்தமான இரும்பை அன்றைக்கே பிரைமர் அடிக்காமல் விடாதீர்கள். மாசியில் ஆரம்பித்தால் மழைக்கு முன் பெயிண்டு முடியும்.

திரும்ப மாட்டும்போது பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் மவுண்டில் சைக்கிள் டியூப் வெட்டி வைக்காதீர்கள். துணி அடுக்கு உள்ள கன்வேயர் பெல்ட் துண்டு, 6 முதல் 8 எம்.எம். தடிமன். ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும், மேலே லாக் நட். இப்போது புதுப் பெயிண்டும் ரப்பரும் சேர்ந்து பாடியைச் சேஸிலிருந்து மின்சாரம் போகாமல் பிரித்துவிட்டிருக்கும். லைட் மங்கலாக எரியும், பெட்ரோல் முள் தாறுமாறாகக் காட்டும், ஸ்டார்ட் செய்தால் சோக் கேபிள் சுடும், ஏனென்றால் ஸ்டார்ட்டர் கரன்ட் திரும்பிப்போக வேறு வழியில்லாமல் அதன் வழியாகப் போகிறது. இன்ஜினிலிருந்து சேஸுக்கு ஒன்று, சேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, பெயிண்டைச் சுரண்டி எர்த் பட்டை போடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியின் எர்த் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் சுரண்ட வேண்டும்.